நிற்காத ஜீப்பு

"உள்ள இருக்கிற பிளேட்டு இன்னும் ஒரு வருசம் ஓடும் மாமா. நல்லா இருக்கிறதைப் பிடுங்கிப் போடுறது பாவம்" என்று ஜீப்புக்கு அடியில் இருந்து குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரன் மெக்கானிக் பாண்டித்துரை. போடியில் பழைய ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்ப்பதில் அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"ஒரு வருசம் கழிச்சு எந்த இடத்துல வச்சுப் போகும்?" என்று கேட்டார் சுருளிவேல்.

"அது எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"எனக்குத் தெரியும். மெட்டு ரோட்டுல, பாதி மலையில வச்சுப் போகும். கழட்டு."

பாண்டித்துரை கழற்றினான். கிளட்ச் பிளேட்டோடு விஷயம் முடியவில்லை. ரேடியேட்டர் ஓஸ், ஃபேன் பெல்ட், பிரேக் லைனிங், பேட்டரி, டீசல் பைப்பு என்று சுருளிவேல் ஒவ்வொன்றாகக் கை காட்டிக்கொண்டே போனார். இது போகப் போகிறது, அதுவும் போகப் போகிறது, போவதற்கு முன்னால் நாமே மாற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. சாயங்காலத்துக்குள் பட்டறைத் தரையில் பாதி ஜீப்பு கிடந்தது. பல்லெல்லாம் கெட்டியாக இருக்கும்போதே பல்செட்டுக் கட்டிக்கொள்கிற மனுசனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாண்டித்துரை தலையில் அடித்துக்கொண்டான்.

சுருளிவேலுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஜீப்பு பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கிலோமீட்டர் காட்டுகிற முள் எண்ண முடிந்த வரைக்கும் எண்ணிவிட்டு, ஒரு மழைக்காலத்தில் தானாகவே ஓய்வு பெற்றுக்கொண்டது. அதற்கப்புறம் ஓடிய ஓட்டத்துக்குக் கணக்கே கிடையாது. காலையில் போடியிலிருந்து ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். போடிமெட்டில் கேரள எல்லையைத் தாண்டி எஸ்டேட்டில் கொண்டுபோய் இறக்கிவிடும். சாயங்காலம் அதே பெண்களோடு இறங்கும். தார் ரோட்டை விட்டு எஸ்டேட்டுக்குள் திரும்பினால் இருப்பதைப் பாதை என்று சொன்னால் பாதைகளுக்கே கோபம் வரும். பாறை, பள்ளம், சேறு, மறுபடி பாறை.

இத்தனை வருசம் உழைத்த வண்டி அவ்வப்போது நிற்கத்தான் செய்யும். சுருளிவேலின் ஜீப்பு அவ்வப்போதுக்கும் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. ஒரு நாள் ஓஸ் வெடித்து நிற்கும். ஒரு நாள் பெல்ட் அறுந்து நிற்கும். ஒரு நாள் காரணமே சொல்லாமல் நிற்கும். உடனே சுருளிவேல் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விடுவார். பெண்கள் இறங்கி ரோட்டோரம் ஒதுங்குவார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும். தன் வண்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் அடியில் கிடந்தபடியே கூசிப்போவார். ரிப்பேர் முடிகிற வரைக்கும் தலையை வெளியே நீட்ட மாட்டார்.

போன வாரம் அப்படித்தான் நின்று, வெயில் ஏறிய பிறகு எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டில் சூப்பர்வைசர் முத்துக்கண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், வண்டியிலேயே மூத்தவளான பெரியம்மாள் இறங்கி, மலை அதிரும்படி கத்தினாள்.

"இந்த ஓட்டை வண்டிய நம்பி வந்தா நாங்க எப்படி வெரசா வர்றது? இந்தா பாரு சுருளி, இன்னொரு தடவை இது மலையில நின்னுச்சு, நாங்க வேற வண்டி பாத்துக்கிருவோம். ஆமா."

மற்ற பெண்களும் ஆமா ஆமா என்றார்கள். முத்துக்கண்ணன் பெண்களை விட்டுவிட்டு, தன் பங்குக்குச் சுருளிவேலைத் திட்டினார். அவர் திட்டியது சுருளிவேல் காதில் ஏறவே இல்லை. 'வேற வண்டி' என்ற சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

வேறொரு டிரைவராக இருந்தால், போனால் போகிறார்கள் என்று ஏலக்காய் மூட்டை ஏற்றப் போயிருப்பான். மூட்டை நிற்கிற வண்டியைத் திட்டாது. ஆனால் மூட்டை பேசவும் பேசாது. அதுதான் சுருளிவேலுக்கு இருந்த சங்கடம்.

அவர் மனைவி சந்திரவல்லி, மகளுக்குப் பிரசவம் பார்க்கப் பத்து நாள் போய்வருகிறேன் என்று கோயமுத்தூருக்கு பஸ் ஏறினாள். அப்போது பிறந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். சுருளிவேலும் அங்கேயே போய் இருக்கலாம். ஆனால் மூன்றாவது மாடியில் ஜீப்பை எங்கே நிறுத்துவது? தினமும் பொழுது சாய்ந்ததும் போன் வரும். சாப்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பார். இந்தாங்க பேத்திகிட்ட பேசுங்க என்று கொடுப்பாள். பேத்தி வாங்கியவுடன் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடும். அவருடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். டம்ளர் கீழே விழுந்தால்கூட யார் என்று கேட்க ஆள் இல்லை.

ஆகவே அவர் காதில் விழுந்த மனுசப் பேச்செல்லாம் ஜீப்பில் விழுந்ததுதான். அவராக ஒரு வார்த்தை பேச மாட்டார். கண் ரோட்டில் இருக்கும், காது முழுக்கப் பின்னால் இருக்கும். கற்பகத்தின் மாமியார் சீனி டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை அவருக்குத் தெரியும். பெரியம்மாளின் தம்பி வரப்பை ஒரு சாண் நகர்த்திவிட்டு, வரப்பு தானாக நகர்ந்தது என்று பஞ்சாயத்தில் சொன்ன கதை தெரியும். இதையெல்லாம் விட முக்கியம், சுஜாதாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன தேனி மாப்பிள்ளை கதை. பஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனவன், பெண் எப்படி என்று இன்னும் சொல்லவில்லை. வீட்டில் ஒற்றை ஆளாகக் கஞ்சி குடிக்கும்போதெல்லாம் சுருளிவேல் அந்தத் தேனிக்காரனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார். இந்தப் பெண்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டால், அவன் என்ன சொன்னான் என்பது இவருக்குச் சாகும் வரை தெரியாமல் போய்விடும்.

அதனால்தான் ஜீப்பின் பாதி உடம்பை மாற்றினார்.

மறுநாள் காலையில் ஜீப்பு மலை ஆடு மாதிரி ஏறியது. எந்த வளைவிலும் மூச்சு வாங்கவில்லை. வழக்கமாக நிற்கிற இடங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எஸ்டேட் கேட்டில் போய் நின்றபோது முத்துக்கண்ணன் அப்போதுதான் பால் விடாத கட்டன் சாயாவை வாயில் வைத்திருந்தார். பெண்களைப் பார்த்ததும் சாயாவை வைத்துவிட்டு, சீக்கிரமே வந்தாச்சே, சும்மா நின்று என்ன ஆகப்போகிறது, காட்டுக்குள் இறங்குங்கள் என்று விரட்டிவிட்டார்.

சுருளிவேல் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தார். பெரியம்மாள் ஜீப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா சுருளி, இன்னைக்கு வண்டி நிக்கவே இல்ல."

"இனிமே நிக்கவே நிக்காது மதினி."

"ம்" என்றாள் அவள். சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

சொன்ன சொல் தவறாமல், வாரம் முழுக்க ஜீப்பு எங்கும் நிற்கவில்லை. ஆனால் பெண்களின் முகம் மலரவில்லை. முன்னைவிட வாடித்தான் கிடந்தது. பேச்சும் பாதியாகக் குறைந்தது. கொட்டாவி விட்டார்கள். கற்பகம் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மண்டை இடி இடி என்று இடிக்கிறது என்றாள். சுருளிவேல் அதைப் பிடித்துக்கொண்டார். மண்டை இடிக்கிறது என்றால் வண்டிச் சத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

புது சைலன்சர் போட்டார். கதவுக்கு ரப்பர் வைத்தார். ஆடுகிற ஆணிகளையெல்லாம் இறுக்கினார். ஜீப்பு பூனை மாதிரி ஆகிவிட்டது.

முதல் கோளாறு காலையிலேயே வந்தது. ஜீப்புச் சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்போது அடுப்பை அணைப்பதுதான் அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். சத்தம் பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது வாளியை மூடுவார்கள். இப்போது சத்தமே இல்லாமல் வாசலில் வந்து ஒரு ஜீப்பு நின்றால் என்ன செய்வார்கள்? சுஜாதா பாதிச் சடையோடு ஓடிவந்தாள். கற்பகம் குழம்பில்லாமல் சோறு மட்டும் கொண்டுவந்தாள்.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். உள்ளே நடந்ததுதான் பெரிய கேடு. ஊரைத் தாண்டியதும் கற்பகம் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்து, "நேத்து எங்க மாமியா இருக்காள்ல..." என்று ஆரம்பித்தாள். அந்தக் குரல் அமைதியான ஜீப்பு முழுவதும் கணீரென்று கேட்டது. அவளே திடுக்கிட்டாள். கண்ணாடியில் பார்த்தால், சுருளிவேலின் கண்கள் ஆவலோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் இரைச்சலில் டிரைவர் காதில் ஒன்றும் விழாது என்று நம்பி, ஊர்க் கதை உறவுக் கதை எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்கள். கற்பகம் வாயை மூடிக்கொண்டாள். அன்று முதல் எல்லோரும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

தேனி மாப்பிள்ளை விஷயமாகச் சுஜாதா ஏதோ சொன்னாள். 'சொல்லிட்டாராம்' என்கிற வரைக்கும் கேட்டது. என்ன சொல்லிவிட்டார் என்பது கேட்கவில்லை. சுருளிவேல் தலையைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். எதிரே வந்த பால் வண்டிக்காரன் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது. அது இங்கே எழுதக்கூடியது இல்லை.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிட்டது அவர் கதை. இரைச்சல் இருந்தால் மண்டை இடிக்கிறது, இரைச்சல் இல்லாவிட்டால் பேச்சு வரவில்லை. ஆக, இனிமையான இரைச்சல் வேண்டும். பாண்டித்துரையிடம் போய் ஒரு பாட்டுப் பெட்டி மாட்டச் சொன்னார். பாண்டித்துரையின் மச்சான் மைக்செட் வைத்திருக்கிறவன். அவனிடமிருந்து ஒரு பென்டிரைவை வாங்கிச் செருகி, எல்லாம் அருமையான பாட்டு மாமா, காது குத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் இருக்கிறது என்றான்.

கல்யாணத்துக்கு அப்புறமும் இருந்தது என்பது அவனுக்கும் தெரியாது.

நாலைந்து வளைவு வரைக்கும் நன்றாகத்தான் போனது. பெண்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு பெட்டி ஒரு நிமிசம் அமைதியாகி, திடீரென்று மாரடித்து ஒப்பாரி வைத்தது. இழவு வீட்டுக்கென்று பதிந்து வைத்த சரக்கு. சுஜாதாவுக்குச் செத்துப்போன அப்பா ஞாபகம் வந்து நிஜமாகவே அழுதாள். பெரியம்மாள், விடிஞ்சும் விடியாம இது என்ன சகுனம், நிப்பாட்டு என்று கத்தினாள். சுருளிவேல் பொத்தானைத் திருகினார். பொத்தான் கையோடு வந்துவிட்டது. ஒப்பாரி மட்டும் நிற்கவில்லை. ஒப்பாரியோடேயே போடிமெட்டுச் செக்போஸ்ட்டுக்குப் போனார்கள். அங்கே நின்ற காவலர் உள்ளே கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஒரு கேள்வி கேட்காமல் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

அந்த நிமிசமும் மிச்சமாகிப்போனதால் எஸ்டேட்டுக்கு இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சீட்டை மாற்றினார் சுருளிவேல். பழைய பலகையை எடுத்துவிட்டு மெத்தென்று பஞ்சு வைத்து, மேலே பளபளவென்று சிவப்பு ரெக்சின் தைத்தார். உட்கார்ந்து பார்த்த பெண்கள் பரவாயில்லையே என்றார்கள். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. ரெக்சினில் எண்ணெய் தடவிய மாதிரி மொத்தக் கூட்டமும் வழுக்கிக்கொண்டு போய், பின்கதவோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மாள் மேல் சரிந்தது. அடுத்த வளைவில் எல்லோரும் முன்னால் வந்து சுருளிவேலின் முதுகில் மோதினார்கள். மலை முழுக்க இப்படி முன்னும் பின்னுமாகப் போய் இறங்கியபோது, பெரியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள். திட்டவில்லை. அவள் திட்டாததுதான் சுருளிவேலுக்குப் பயத்தைக் கொடுத்தது.

பயந்தது நடந்தது. அடுத்த வாரம் கற்பகம் வரவில்லை. வீரையா ஜீப்பு எங்க வாசல் வழியாகவே போகுதுண்ணே என்று சொல்லி அனுப்பினாள். வீரையா ஜீப்பு அவள் வாசல் வழியாகப் போவதற்கு அந்த வாசலுக்கு அப்பால் ரோடே கிடையாது. பிறகு சுஜாதா போனாள், தன் சித்தி அந்த வண்டியில்தான் வருகிறாள் என்று. சுஜாதாவுக்குச் சித்தியே கிடையாது என்பது, இத்தனை வருசம் காதைத் தீட்டிக்கொண்டிருந்த சுருளிவேலுக்கா தெரியாது? அப்புறம் பெரியம்மாள் போனாள். அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவள் போனதும் கயிறு அறுந்த மாலை மாதிரி மிச்சப்பேரும் உதிர்ந்தார்கள். கடைசியில், எப்போதும் கடைசி ஆளாக ஏறி, வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்து வருகிற காளீஸ்வரி என்ற சின்னப் பெண்ணும் போய்விட்டாள்.

வீரையாவின் ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருளிவேலின் ஜீப்புக்கு அது அண்ணன் முறை. ஒரு பக்கக் கதவு தேங்காய் நார்க்கயிற்றில் நின்றது. மலையில் அது புகை விட்டால், கீழே போடியில் காயப்போட்ட துணியை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. ஓடுவதை விட நிற்பது அதிகம். அந்த வண்டிக்கா போனார்கள்? சுருளிவேலுக்கு மண்டை காய்ந்தது.

மறுபடி பட்டறைக்குப் போனார். வேறு என்ன பழசு மிச்சம் இருக்கிறது, எது போகப் போகிறது, பார்த்துச் சொல் என்றார். பாண்டித்துரை ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அவன் சுபாவத்துக்கு மெதுவாகவே சொன்னான்.

"இந்த வண்டியில இனிமே மாத்தாத சாமான் நீங்க ஒருத்தர்தான் மாமா."

சிரிப்பதற்குத்தான் சொன்னான். சுருளிவேலுக்கு அது உண்மையாகவே பட்டது. கோளாறு தன்னிடம்தான் இருக்கிறது போல. கட்டினவளுக்கும் வேண்டாம், பெற்ற மகளுக்கும் வேண்டாம், காசு கொடுத்து ஏறி வந்த பெண்களுக்கும் வேண்டாம். அன்று போன் வந்தபோது, சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, சந்திரவல்லி போனைக் கைமாற்றுவதற்குள் அவசரமாக ஒன்று சொன்னார்.

"வல்லி, நம்ம வண்டி இப்ப எங்கயுமே நிக்க மாட்டேங்குது."

"நல்லதுதானேங்க. இந்தாங்க, பேத்திகிட்ட பேசுங்க."

பேத்தி பொத்தானை அமுக்கியது. சுருளிவேல் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதார். யாரும் பார்க்கவில்லையே என்பதற்காக இன்னும் கொஞ்சம் அழுதார்.

அதன் பிறகு அவர் எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றினார். மூட்டைகள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்து வந்தன. ரெக்சினில் வழுக்கவில்லை, மண்டை இடிக்கிறது என்று சொல்லவில்லை. பழக்க தோசத்தில் சுருளிவேல் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். யூரியா என்று எழுதியிருக்கும். ஜீப்பு எந்த இடத்திலும் நிற்காமல் மலை ஏறும்.

அப்படி ஒரு காலையில் மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தபோதுதான், மேலே வளைவில் புகை தெரிந்தது. பனிமூட்டமாக இருக்கும் என்று நினைத்தார். பனிமூட்டத்தில் டீசல் வாசனை வராது. கிட்டே போனால் வீரையாவின் ஜீப்பு, வாயைப் பிளந்த மாதிரி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரோரம் எல்லோரும் இருந்தார்கள். பெரியம்மாள், கற்பகம், சுஜாதா, மற்றவர்கள்.

அடுத்தவன் வண்டி நின்றதைப் பார்த்துச் சந்தோசப்படுவது டிரைவர் ஜாதிக்கு அழகில்லை. ஆனாலும் சுருளிவேலுக்கு வந்த சந்தோசத்தில் ஹாரன் தானாக அடித்தது. தெய்வமாகப் பார்த்து வழி காட்டிவிட்டது. ஓட்டை வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இனிமேலாவது இவர்களுக்குப் புரியும். ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார்.

"வாங்க மதினி, எல்லாரும் ஏறுங்க. மூட்டைய ஒதுக்கிக்கிருவோம். வெரசாக் கொண்டுபோயி இறக்கிவிடுறேன்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருக்கட்டும்ப்பா, நீ உன் சோலியப் பாரு என்றாள் பெரியம்மாள். தன்னை விட்டுப் போனதற்குக் கூச்சப்படுகிறார்கள் என்று சுருளிவேல் எடுத்துக்கொண்டார். சரி, ஏற வெட்கமாக இருந்தால் ஏற வேண்டாம். இதையே ஓட வைத்துக் காட்டினால் போயிற்று. யார் கை ஒசத்தி என்று தெரியட்டும்.

வீரையா சுவரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யாரோ கொடுத்த பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். சாமான் பையோடு சுருளிவேல் வருவதைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கினான்.

"இருக்கட்டும்ண்ணே. மெதுவாப் பாக்கலாம்."

"நீ என்னத்தப் பாக்கப் போற. தள்ளு."

சாக்கை விரித்துக்கொண்டு அடியில் போனார். மேலே யாரோ ஏதோ சொல்ல, வேறு யாரோ உஷ் என்றார்கள். டீசல் பைப்பில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். போகப் போகிற சாமான் எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருக்கிற ஆளுக்கு இது ஒரு வேலையா? தன் வண்டியில் கிடந்த புதுப் பைப்பை எடுத்து மாட்டினார். பைப்புக்குள் புகுந்திருந்த காற்றை எடுத்துவிட்டார். அப்படியே கிளட்ச்சையும் கொஞ்சம் இறுக்கினார். ஆடிக்கொண்டிருந்த கதவைக்கூட விடவில்லை, நார்க்கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு போல்ட்டைப் போட்டார்.

"அடிடா செல்ஃப்பை."

வீரையா இழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்து போய்ச் சாவியைத் திருகினான். ஒரே திருகு. ஜீப்பு புகைகூட விடாமல் கிளம்பி, நின்ற இடத்தில் பதவிசாக உறுமியது.

சுருளிவேல் கையைத் துடைத்துக்கொண்டே, முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பினார். மலையில் ஒரு வண்டி நின்றால், அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதை இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார். சுவர் மேல் வரிசையாகச் சாப்பாட்டு வாளிகள் திறந்திருந்தன. கற்பகம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீட்டி மல்லாந்திருந்தாள். சுஜாதாவின் தலைமுடியைப் பெரியம்மாள் மடியில் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் காப்பி கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. கீழே போடி ஊரே வெயிலில் கிடந்தது. தேனி மாப்பிள்ளை என்று ஆரம்பித்த பேச்சு இன்ஜின் சத்தத்தில் பாதியில் நின்றிருந்தது.

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. பெரியம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, வாளியை மூடினாள்.

"அப்ப இன்னைக்குக் கேட்டுல முத்துக்கண்ணன் காதுல விழுற மாதிரி உன்னைய வைய வேண்டிய சோலி இல்ல வீரையா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னாள். கற்பகம் எழுந்து செருப்பைத் தேடினாள்.

சுருளிவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நின்ன வண்டி கிளம்பிருச்சு. அதுக்குப் போயி எல்லாரும் ஏன் ஆத்தா இப்படி மூஞ்சியத் தொங்கப்போடுறீக? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார்.

ஜீப்பில் ஒரு நாளும் வாயே திறந்திராத காளீஸ்வரிதான், பாதி கடித்த பணியாரத்தை வாளிக்குள் திருப்பி வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கோழி கூப்பிட எந்திரிச்சதுல இருந்து இப்பத்தாண்ணே கொஞ்சம் உக்காந்தோம். உங்க வண்டி நின்னுக்கிட்டு இருந்த வரைக்கும் நாங்க என்னைக்காவது வேற வண்டியில ஏறியிருக்கோமா?"